வானிலைக்குக் கணக்குப் போட்ட ரிச்சர்ட்சன்



அடுத்த வாரம் மழை வருமா, வராதா என்று ரேடியோவிலும் டி.வி.யிலும் முன்னாடியே சொல்லிவிடுகிறார்கள். இது ஜோசியம் இல்லை, கணக்கு! கம்ப்யூட்டரே இல்லாத காலத்தில் இந்தக் கணக்கைக் கையால் போட்டுப் பார்த்தவர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன்.

பிறப்பும் படிப்பும்

இவர் இங்கிலாந்தில் நியூகாசில் நகரில் 1881ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் கடைக்குட்டி. இவர் குடும்பம் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தது. ஆயுதம் எடுக்கக் கூடாது என்பது அவர்கள் கொள்கை. கேம்பிரிட்ஜில் படித்த இவர், 1913இல் வானிலைத் துறையில் சேர்ந்து, ஸ்காட்லாந்தில் எஸ்க்டேல்மியூர் ஆய்வகத்தின் தலைவர் ஆனார்.

அந்தக் காலத்தில் பழைய வரைபடங்களைப் புரட்டி, இதே மாதிரி முன்பு எந்த நாள் இருந்தது, அதற்கு மறுநாள் என்ன ஆச்சு என்று பார்த்து வானிலை சொல்வார்கள். ரிச்சர்ட்சனுக்கு இது போதவில்லை. காற்றும் இயற்பியல் விதிப்படிதானே நகர்கிறது! அதனால் நிலப்படத்தைச் சதுரங்கப் பலகை மாதிரி கட்டம் கட்டமாகப் பிரித்தார். ஒவ்வொரு கட்டத்திலும் காற்றழுத்தம், காற்றின் வேகம், வெப்பம், ஈரம் எவ்வளவு என்று தெரிந்தால், அடுத்து எப்படி மாறும் என்று கணக்கிடலாம் என நினைத்தார்.

போர்க்களத்தில் கணக்கு

முதல் உலகப் போர் நடந்தபோது, 1916இல் வேலையை விட்டுவிட்டு பிரான்சுக்கு ஆம்புலன்ஸ் ஓட்டப் போனார். இவர் துப்பாக்கி தூக்கவில்லை, காயம்பட்டவர்களைத் தூக்கினார். ஓய்வு நேரத்தில் குளிரில், காய்ந்த புல் குவியல் மேல் உட்கார்ந்து கணக்குப் போட்டார். 1910 மே 20ஆம் தேதியை எடுத்துக்கொண்டார். அந்த நாளில் உண்மையில் என்ன நடந்தது என்பது தெரியும், அதனால் விடையைச் சரிபார்க்கலாம் அல்லவா? ஜெர்மனியில் ஓர் இடத்தில் ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் எவ்வளவு மாறும் என்று கண்டுபிடிக்க ஏறக்குறைய ஆறு வாரம் ஆனது.

விடை என்ன தெரியுமா? 145 மில்லிபார் கூடும் என்று வந்தது. பெரிய புயலில்கூட அப்படி மாறாது. உண்மையில் அன்று அழுத்தம் அநேகமாக மாறவே இல்லை!

1917இல் சண்டையின் நடுவே இவருடைய கையெழுத்துப் பிரதியும் தொலைந்துபோனது. சில மாதம் கழித்து பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிக் குவியலுக்கு அடியில் கிடைத்தது. 1922இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். தப்பான விடையை மறைக்கவில்லை, அப்படியே அச்சிட்டார். 64,000 பேர் ஒரு பெரிய மண்டபத்தில் உட்கார்ந்து சேர்ந்து கணக்குப் போட்டால் உலக வானிலையை உடனுக்குடன் சொல்லலாம் என்றும் கனவு கண்டார்.

போருக்குப் பின் வானிலைத் துறைக்குத் திரும்பினார். 1920இல் அந்தத் துறை விமானப் படைக்குரிய அமைச்சகத்தின் கீழ் போனதும் ராஜினாமா செய்தார். பிறகு போர் ஏன் வருகிறது என்று கணக்கு மூலமே ஆராய்ந்தார்.

கனவு பலித்தது

1950இல் அமெரிக்காவில் எனியாக் என்ற கம்ப்யூட்டரில் வானிலைக் கணக்கு போட்டார்கள். 24 மணி நேர வானிலைக்கு ஏறக்குறைய 24 மணி நேரம் பிடித்தது. இந்தச் செய்தி ரிச்சர்ட்சனுக்குத் தெரிந்து மகிழ்ந்தார். 1953 செப்டம்பர் 30இல் காலமானார்.

இவர் வழி தப்பில்லை. ஆரம்பத்தில் எடுத்துக்கொண்ட காற்று, அழுத்த அளவுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. பின்னாளில் பீட்டர் லின்ச் என்ற அயர்லாந்து விஞ்ஞானி அந்த அளவுகளைச் சீர்செய்து திரும்பப் போட்டபோது நம்பக்கூடிய விடை வந்தது.

ஆரம்ப அளவில் கொஞ்சம் பிசகினால் போதும், நாள் ஆக ஆகப் பிசகு பெருகும். அதனால் ஐரோப்பிய வானிலை மையத்தில் ஆரம்ப அளவைச் சிறிது சிறிது மாற்றி ஒரே கணக்கை 50 தடவைக்கு மேல் போடுகிறார்கள். எல்லா விடையும் மழை என்றால் தைரியமாகச் சொல்லலாம். பாதி மழை, பாதி வெயில் என்றால் மழைக்கு வாய்ப்பு உண்டு என்று மட்டுமே சொல்ல முடியும். முதல் இரண்டு மூன்று நாளுக்கு விடைகள் ஒட்டி வரும், ஏழாம் நாளில் பிரிந்துபோகும். ஆகவே நாளைய அறிக்கையை நம்புகிற அளவு அடுத்த வார அறிக்கையை நம்பக் கூடாது.

தோழிகளே, கணக்கில் விடை தப்பி வந்தால் தாளைக் கிழித்துப் போடாதீர்கள். வழிமுறையை அப்படியே எழுதி வையுங்கள். எங்கே தப்பு என்று இன்னொருவர் கண்டுபிடிக்க அது உதவும்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி