பனிமலையில் பாபர்

முகலாயப் பேரரசுக்கு அடித்தளமிட்ட ஜஹீருத்தீன் முஹம்மது பாபரைப் பானிப்பட்டுப் போரின் வெற்றியாளராகவே நாம் பெரிதும் அறிவோம். 1526இல் கிட்டிய அவ்வெற்றிக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகட்கு முன்னர், போர்க்களத்தினும் கொடிய பனிமலையில் அவர் தம் படையினரை வழிநடத்திய வரலாறு பலரும் அறியாதது.

1483இல் அந்திஜானில் பிறந்த பாபர், தந்தையை இழந்து இளம்வயதிலேயே பர்கானாவின் அரியணை ஏறினார். சமர்கந்தை வென்றார், இழந்தார். 1504இல் காபூலைக் கைப்பற்றினார். 1506இல் உஸ்பெக்கியரை எதிர்க்க உறவினர்க்குத் துணைநிற்க ஹிராத் சென்றார். அம்முயற்சி கைகூடவில்லை. ஆண்டிறுதியில், கடுங்குளிரில் காபூலுக்குத் திரும்பலானார்.

கந்தஹார் வழி நெடியது, ஆயினும் இடரற்றது. மூத்த தளபதி காசிம் பேக்கின் வற்புறுத்தலால் குறுகிய மலைவழியே தேர்ந்தெடுக்கப்பட்டது. பனி மூடிய பாதையை வழிகாட்டி தவறவிட்டார். ஏறத்தாழ ஒரு வாரம், காசிம் பேக்கும் அவர்தம் மைந்தரும் உள்ளிட்ட பத்துப் பதினைந்து பேருடன் பாபரும் இறங்கிப் பனியை மிதித்துத் தடம் அமைத்தார். இடுப்பளவும் மார்பளவும் புதைந்தனர். முன்செல்பவர் சில அடிகளில் களைத்து நிற்க, அடுத்தவர் முன்வருவார். அத்தடத்தில் ஆளில்லாக் குதிரையை இழுத்துச் செலுத்துவர். அதன் பின்னரே ஏனையோர் தொடர்ந்தனர்.

கணவாயின் அடியில் பனிப்புயல் சூழ்ந்தது. அருகில் ஒரு குகை தென்பட்டது. உள்ளே செல்லுமாறு வீரர்கள் வேண்டினர். தம்மவர் பனியில் வாட, தாம் மட்டும் கதகதப்பில் துயில்வது ஆண்மையன்று எனக் கருதிய பாபர், மார்பளவு குழி தோண்டி அதில் அமர்ந்தார். இஷாத் தொழுகை நேரம்வரை அங்கேயே இருந்தார். தலையிலும் முதுகிலும் நான்கு விரற்கடைப் பனி படிந்தது. காதைக் குளிர் தாக்கியது. குகை அனைவர்க்கும் போதும் எனத் தெரிந்த பின்னரே உள்ளே புகுந்தார். சிலர் கைகால்களைக் குளிருக்குப் பறிகொடுத்தனர். எனினும் படை கணவாயைக் கடந்து யாகா அவ்லாங் என்னும் ஊரை அடைந்தது. அவ்வூரார் வெப்பமான வீடுகளையும் உணவையும் அளித்துக் காத்தனர்.

1530இல் ஆக்ராவில் மறைந்த பாபரின் உடல் பின்னர்க் காபூலில் அடக்கம் செய்யப்பட்டது. இந்நிகழ்ச்சியைத் தம் துருக்கிமொழித் தன்வரலாறான பாபர்நாமாவில் அவரே எழுதி வைத்துள்ளார்.

இராசபாளையத்திற்கு மேற்கே அய்யனார் கோவில் ஆற்றில் பனியில்லை. ஆயினும் மலையுச்சியில் பெய்யும் மழை, அடிவாரம் தெளிந்திருக்கும்போதே காட்டாற்று வெள்ளமாய்ப் பாயும். பருவமறிந்து புறப்படல், குறுக்குவழியில் மயங்காமை, உடன்வந்தாரைக் கைவிடாமை ஆகிய மூன்றும் எம்மலைக்கும் பொருந்தும். முதலிரண்டும் தவறியபோதும் மூன்றாவதே பாபரின் படையைக் கரைசேர்த்தது என்பதை மாணவமணிகள் மனங்கொள்வார்களாக.