கரும்பின் கணக்கறிந்த அம்மையார்

மூன்றாம் ஆண்டு தாவரவியல் மாணவி ஒருவர்

தியாகராய நகர்ப் பாண்டி பஜாரில் துணிமணி வாங்கி அலுத்தவர்கள் இஞ்சியும் எலுமிச்சையும் சேர்த்துப் பிழிந்த கரும்புச்சாற்றைக் குடித்து இளைப்பாறுவது வழக்கம். அச்சாற்றைத் தரும் ஆலைக் கரும்பின் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் நூற்றுக்கு மேற்பட்ட குரோமோசோம்கள் இருக்கின்றன என்பதைக் குடிப்பவர் நினைப்பதில்லை. நினைக்க வேண்டிய தேவையும் இல்லை. மனிதனுக்கு இருப்பவை 46. நம் தட்டில் விழும் நெல்லுக்கும், மயிலாப்பூர்த் தண்ணித்துறைச் சந்தையில் குவிந்து கிடக்கும் கத்தரிக்காய்க்கும் 24. கரும்புக்கு மட்டும் ஏன் இத்தனை? இந்தக் கேள்வியோடு வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழித்த பெண்மணி ஒருவர், நாம் இன்று கடற்காற்று வாங்கியபடி பாடம் கேட்கும் இதே இராணி மேரிக் கல்லூரியில் படித்தவர். அவர்தாம் டாக்டர் ஜானகி அம்மாள். தாவரவியல் துறைக்கு வெளியே அவர் பெயரைச் சொன்னால் எந்த ஜானகி என்று கேட்கிறார்கள். ஆகவே இக்கட்டுரை.

எடவலேத் கக்காட் ஜானகி அம்மாள் 1897 நவம்பர் 4 அன்று மலபாரைச் சேர்ந்த தலச்சேரியில் பிறந்தார். அன்று அது சென்னை மாகாணத்தில் அடங்கியிருந்தது. தந்தையார் சார்பு நீதிபதி. ஓய்வு நேரத்தில் பறவைகளையும் செடிகளையும் பற்றிக் குறிப்பெழுதுபவர். வீட்டில் பிள்ளைகள் மிகப் பலர். தீயர் சமூகத்தில் பிறந்தவர் என்பதால் அக்காலத்துச் சாதியடுக்கில் அவருக்கு மேலே பல படிகள் இருந்தன. பெண் என்பதால் இன்னும் சில படிகள். சகோதரிகளுக்கு ஒவ்வொருவராக மணமாகி வந்தது. தம் முறை வந்தபோது அவர் கல்வியைத் தேர்ந்துகொண்டார். கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை.

நம் கல்லூரி 1914-ஆம் ஆண்டு ஜூலையில் 37 மாணவியரோடு தொடங்கியது. சென்னை நகரில் மகளிருக்கென எழுந்த முதல் கல்லூரி இதுவே. அது தோன்றிய சில ஆண்டுகளுக்குள்ளாகவே ஜானகி இங்கு வந்து சேர்ந்தார். பிறகு இதே கடற்கரைச் சாலையில் வடக்கே உள்ள மாநிலக் கல்லூரியில் தாவரவியல் ஆனர்ஸ் பயின்று 1921-இல் தேறினார். மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியப் பணி ஏற்றார். பார்பர் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்றார். முதுகலைப் பட்டத்தோடு திரும்பி, மீண்டும் சென்று, 1931-இல் டாக்டர் பட்டம் பெற்றார். ஆய்வுப் பொருள், கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்த நிக்காந்திரா என்னும் செடியின் குரோமோசோம்கள். நம் பெற்றோரில் பலர் செங்கற்பட்டைத் தாண்டி விடுதியில் சேர்க்கவே இன்றும் யோசிக்கிறார்கள். நூறாண்டுக்கு முன் கப்பலேறிய அந்தப் பெண்ணின் துணிவை எண்ணினால் வியப்பாகத்தான் இருக்கிறது.

திருவனந்தபுரத்தில் சிறிது காலம் பேராசிரியராக இருந்தபின், 1934-இல் கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தார். இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது. கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

தடித்து, சாறு நிறைந்து, தித்திக்கும் கரும்பு ஓரினம். அதற்கு 80 குரோமோசோம்கள். இனிப்பு உண்டு, ஆனால் நோய்க்கும் குளிருக்கும் சளைத்துவிடும். ஆற்றங்கரையிலும் மேட்டிலும் தானாக முளைக்கும் பேய்க்கரும்பு மற்றோரினம். மெலிந்தது, சாறற்றது; ஆனால் எதற்கும் அசையாது. கோவைப் பக்கத்துப் பேய்க்கரும்புக்கு 64 குரோமோசோம்கள். பார்பர், வெங்கட்ராமன் என்னும் அறிஞர்கள் இவ்விரண்டையும் கலந்து உண்டாக்கிய கோ 205 என்னும் கரும்பு 1918-இல் உழவர் கைக்கு வந்தது. பொதுவாகத் தாய் பாதி, தந்தை பாதி என்பதே கலப்பின் கணக்கு. அப்படியானால் 40-உம் 32-உம் சேர்ந்து 72 வர வேண்டும். வந்ததோ 112! தாய்க்கரும்பு தன் 80-ஐயும் முழுதாகக் கொடுத்துவிட்டது. தந்தைதான் பாதியான 32-ஐக் கொடுத்தது. கொடுப்பதில் தாய்க்குக் கணக்கில்லை என்று நம் வகுப்பில் ஒருத்தி சொல்லிச் சிரித்தாள். இதை அறியாமல் கலப்புச் செய்கிறவர் இருட்டில் பூத்தொடுப்பவரைப் போன்றவர். குரோமோசோமை நுண்ணோக்கியில் எண்ணிச் சொல்லத் தெரிந்தவர் ஒருவர் அந்நிலையத்துக்குத் தேவைப்பட்டதன் காரணம் இதுதான்.

எண்ணுவது எளிதா? எங்கள் ஆய்வுக்கூடத்தில் வெங்காய வேர்நுனியை நசுக்கிச் சாயமேற்றிப் பார்க்கிறோம். வெங்காயத்துக்கு 16-தான், அதையே மூன்று முறை எண்ணினால் மூன்று விடை வருகிறது. ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும் நூற்றுப் பன்னிரண்டை எண்ண எவ்வளவு பொறுமை வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜானகி அம்மாள் எண்ணியதோடு நிற்கவில்லை. பேய்க்கரும்பு எந்தெந்த நிலத்தில் எத்தனை குரோமோசோம்களோடு வளர்கிறது என்று ஆராய்ந்து, அதன் தாயகம் இந்தியாவே என்ற முடிவுக்கு வந்தார். கரும்பை அதன் தூரத்து உறவான புல்லினங்களோடு கலந்து பார்த்தார். கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்த செய்தி 1938-இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. பட்டினத்தார் கையிலிருந்த பேய்க்கரும்பு திருவொற்றியூரில் தித்தித்தது என்பார்கள். கோவையில் அது தித்திக்கவில்லை. தித்திக்கும் கரும்புக்குத் தன் உரத்தைக் கொடுத்தது. அதுவும் ஓர் அற்புதம் என்றே நான் கருதுகிறேன்.

1935-இல் சர் சி. வி. இராமன் நிறுவிய இந்திய அறிவியல் கழகத்துக்கு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வெளியே இத்தனை மதிப்பு இருந்தும், தனித்து வாழும் பெண், பிற்பட்ட வகுப்பு என்ற இரண்டும் கோவையில் உடன் பணிபுரிந்த ஆண்கள் நடுவே அவருக்கு இடர்களாகவே இருந்தன. 1939 ஆகஸ்டில் எடின்பரோவில் நடந்த உலக மரபியல் மாநாட்டுக்குச் சென்றார். போர் மூண்டது. அங்கேயே தங்கிவிட்டார்.

இலண்டன் மெர்ட்டனில் இருந்த ஜான் இன்னஸ் ஆய்வு நிலையத்தில் சேர்ந்து, குண்டுமழைக்கிடையிலும் நுண்ணோக்கியை விடாமல் உழைத்தார். நம்மூர் அணில் ஒன்றை ஒருவருக்கும் தெரியாமல் கொண்டுபோய், கபோக் என்று பெயரிட்டு அங்கே வளர்த்தாராம். இலவம் பஞ்சுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் அது. புகழ்பெற்ற அறிஞர் டார்லிங்டனோடு சேர்ந்து 1945-இல் அவர் வெளியிட்ட பயிர்ச்செடிகளின் குரோமோசோம் அட்டவணை நூல், ஆயிரக்கணக்கான செடியினங்களின் எண்ணிக்கையை ஒரே இடத்தில் தொகுத்தது. பயிர்கள் எங்கே பிறந்தன, மனிதரோடு எப்படி இடம் பெயர்ந்தன என்பதையும் அந்த எண்களே காட்டிக்கொடுக்கும் என்பது அதன் அடிப்படை. 1955-இல் அது விரிந்து வேறு பெயரில் வந்தபோது டார்லிங்டனின் பெயரோடு வைலி என்பவரின் பெயர் இருந்தது. ஜானகி அம்மாளின் பெயர் இல்லை. அப்போது அவர் இந்தியா திரும்பிவிட்டார் என்பது காரணமாகலாம். ஆனாலும் அடிக்கல் நாட்டியவர் பெயர் முகப்பில் இல்லாதது எனக்குக் குறையாகவே படுகிறது.

1945 முதல் 1951 வரை விஸ்லியில் உள்ள இங்கிலாந்து அரச தோட்டக்கலைச் சங்கத்தில் பணியாற்றினார். கால்ச்சிசின் என்னும் நஞ்சைச் செடியின் முளையில் இட்டால், குரோமோசோம்கள் இரட்டித்தும் உயிரணு பிளவுபடாமல் நின்றுவிடும், எண்ணிக்கை இருமடங்காகும். பூவும் இலையும் பெரும்பாலும் பருத்து வரும். அம்மையார் மக்னோலியாக் கன்றுகளில் இதைச் செய்தார். அவற்றுள் ஒன்று அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. கால்ச்சிசின் என்றதும் சீமைச் சரக்கு என்று எண்ணிவிட வேண்டாம். நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் அது இருக்கிறது. மகளிர் விரலுக்கு உவமை சொல்லிப் பழகிய பூவுக்குள் குரோமோசோமையே இரட்டிக்கும் நஞ்சு!

மனிதன் நஞ்சிட்டுச் செய்வதை இயற்கையும் தானாகச் செய்கிறது. இமயமலையின் வடகிழக்கில் குளிரும் ஈரமும் மிகுதி. வடமேற்கில் குளிர் உண்டு, ஈரம் குறைவு. ஈரமான வடகிழக்கில் குரோமோசோம் பெருகிய செடிகளும், அதனால் புதிய இனங்களும் மிகுதி என்று அம்மையார் கண்டார். விலங்கியல் படிக்கும் என் தோழி இதை ஒப்புக்கொள்ளாமல், விலங்குகளில் இந்த இரட்டிப்பு அரிது என்று வாதிட்டாள். உண்மைதான். அங்கே குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டியும் முறிந்துமே பெரும்பாலும் எண்ணிக்கை மாறுகிறது. தென்னமெரிக்க ஆறுகளில் மெல்லிய மின்துடிப்பால் வழியறியும் ஜிம்னோட்டஸ் என்ற மீனில், பார்வைக்கு ஒரே இனம்போல் இருப்பவற்றுள் ஒன்றுக்கு 40, வேறொன்றுக்கு 42, இன்னொன்றுக்கு 54 குரோமோசோம்கள். கரும்பும் மீனும் வேறு வழியில் நடந்தாலும் கணக்கு ஒன்றே. எண்ணிப் பார்த்தால்தான் இனம் பிரிவது தெரிகிறது.

1951-இல் பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்றுத் தாயகம் திரும்பினார். இந்தியத் தாவர மதிப்பாய்வுத் துறையைச் சீரமைக்கும் பொறுப்பு அவருக்கு அளிக்கப்பட்டது. அலகாபாத்தில் மத்தியத் தாவரவியல் ஆய்வகத்துக்குத் தலைமை தாங்கினார். பின்னர் ஜம்முவிலும் டிராம்பேயிலும் பணி. 1955-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், மனிதன் பூமியின் முகத்தை எப்படி மாற்றிவிட்டான் என்று ஆராய உலக அறிஞர்கள் கூடினார்கள். அக்கூட்டத்துக்கு அழைக்கப்பட்ட ஒரே பெண்மணி இவர்.

ஓய்வு பெறும் வயது கடந்தும் ஓயாமல், 1970-இல் சென்னைக்கு வந்தார். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தின் தகைசால் அறிஞராகி, மதுரவாயலில் இருந்த அதன் கள ஆய்வுக்கூடத்திலேயே குடியிருந்தார். மருந்துச் செடிகளும் பூனைகளும் குட்டிகளுமே துணை. 1977-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அக்காலத்தில்தான் கேரளத்துப் பாலக்காட்டை அடுத்த அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழை ஆற்றை மறித்து மின்சாரத்துக்கு அணை கட்டும் திட்டம் பெரும் வழக்காக வளர்ந்தது. எண்பது வயதை எட்டிய அம்மையார் அதை எதிர்த்துக் குரல் கொடுத்ததோடு, காடு நீரில் மூழ்குமுன் அதன் மரங்களின் குரோமோசோம்களை எண்ணிப் பதிவு செய்துவிட வேண்டும் என்றும் முனைந்தார்.

வாழ்நாளெல்லாம் செடியைக் கலந்து மாற்றியவர், முதுமையில் மாற்றாதே என்று சொன்னது முரண் அல்லவா என்று வகுப்பில் கேட்டார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஆற்றங்கரைப் பேய்க்கரும்பை யாரோ பயனற்றதென்று வேரோடு அழித்திருந்தால் கோ 205 ஏது? காட்டில் இருப்பது எதற்கு உதவும் என்று எண்ணிப் பார்க்குமுன்பே மூழ்கடிப்பதைத்தான் அவர் எதிர்த்தார். தாவரவியல்தான் கிடைத்ததா, இதைப் படித்து என்ன செய்யப் போகிறாய் என்று அடையாற்றில் இருக்கும் என் பெரியம்மா ஒவ்வொரு பண்டிகைக்கும் கேட்கிறார். சென்ற பொங்கலன்று பதிலாகக் கோ 205 கதையைச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, அந்த அம்மாளுக்குச் சம்பளம் எவ்வளவு என்றார். அடுத்த ஆண்டு முதுகலைக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். இன்னும் வீட்டில் சொல்லவில்லை. இம்மலர் கைக்கு வந்ததும் இந்தப் பக்கத்தைப் பிரித்துப் பெரியம்மாவிடமே கொடுப்பதாக இருக்கிறேன்.

ஜானகி அம்மாள் 1984 பிப்ரவரி 7 அன்று மதுரவாயலில், தம் 86-ஆம் வயதில், ஆய்வு செய்துகொண்டிருந்த இடத்திலேயே காலமானார். அணைத் திட்டம் அதற்குள் கைவிடப்பட்டிருந்தது. அதே ஆண்டு நவம்பர் 15 அன்று அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஜம்முவில் அவர் பெயரால் ஓர் உலர்தாவரச் சேகரம் இருக்கிறது. விஸ்லியில் அவர் வைத்த மக்னோலியாக்கள் இளவேனில்தோறும் வெள்ளையாகப் பூக்கின்றன.