ஊசிக்கு மதிப்புத் தந்த ரோஹித் கோஸ்லா

லோதி ரோடுக்கு அருகே மெஹர்சந்த் மார்க்கெட்டில் இன்று உடை வடிவமைப்பாளர்களின் பெயரிலேயே கடைகள் உள்ளன. 1980-களின் தொடக்கத்தில் தலைநகரில் துணிக்கடை உண்டு, தையற்காரர் உண்டு. உடையைக் கற்பனை செய்து தம் பெயரில் விற்பவர் அரிது. அந்த நிலையை மாற்றிய முன்னோடிகளில் ஒருவர் ரோஹித் கோஸ்லா.

1958-ல் பிறந்த அவர், லண்டனில் உடை வடிவமைப்புப் பயின்றார். அங்கேயே தங்கிப் பிழைத்திருக்கலாம். ஆனால் தாயகம் திரும்பினார். மேல்நாட்டு உடையை நகலெடுக்காமல், நம் நெசவையும் பூத்தையலையும் மேல்நாட்டுத் தையல் நுணுக்கத்தோடு இணைத்தார். 1987-ல் தருண் தஹிலியானியுடன் சேர்ந்து பம்பாயில் 'என்செம்பிள்' கடையைத் தொடங்கினார். பல வடிவமைப்பாளர்களின் உடைகள் அங்கே ஒரே கூரையின்கீழ் விற்பனைக்கு வந்தன.

தமக்குத் தெரிந்ததை அவர் ஒளித்துவைக்கவில்லை. இன்று மணமக்கள் உடைக்குப் பெயர்பெற்ற ஜே.ஜே. வாலயா அவரிடம் தொழில் பழகியவர்.

1994-ல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று. அப்போது வயது 35. நாட்டின் முதல் ஃபேஷன் வாரம் டெல்லியில் நடந்தது 2000-ல்தான். அதைக் காண அவர் இல்லை. ஆனால் படித்த பிள்ளைக்குத் தையல் எதற்கு என்று கேட்ட பெற்றோரே, பின்னாளில் அந்தப் படிப்புக்கு விண்ணப்பம் வாங்க வரிசையில் நின்றனர்.