இசைத்தட்டில் வாழும் கிட்டப்பா



விடுதியில் என் அறைக்கு அடுத்த அறையில் இருக்கும் நண்பர் மேல்நாட்டு இசைத்தட்டுகள் சேர்ப்பவர். ஹெவி மெட்டல் என்னும் இடிமுழக்க இசையில் அவருக்குத் தீராத காதல். 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்தின் இளைஞர் குழுக்கள் பல, தம் கைப்பணத்தைப் போட்டுச் சில நூறு பிரதிகள் மட்டுமே வெளியிட்ட சிறு தட்டுகள் உண்டு. பக்கத்துக்கு ஒரு பாட்டு, அவ்வளவுதான். அத்தகைய தட்டு ஒன்றுக்காக அவர் ஒரு திங்கள் சிற்றுண்டியைத் துறக்கவும் அணியமாயிருப்பார். அவரைக் கண்டு நகைப்பவர் பலர். நான் நகைப்பதில்லை. ஏனெனில், நானும் அதே நோய்க்கு ஆளானவன்! அவர் தேடுவது இரும்பின் முழக்கம். நான் தேடுவது 27 ஆண்டுகளே வாழ்ந்து மறைந்த ஒரு மனிதனின் குரல்.

அந்த மனிதர் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா. அவருடைய வரலாற்றை இம்மலரில் எழுத வேண்டும் என்று நான் விரும்பியதற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் கோலார் தங்க வயலில் பிறந்தவன். என் தாத்தாவின் தந்தை வட ஆர்க்காட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்து, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கியவர். கன்னட நாட்டு மண்ணுக்கடியில், கல்லைக் குடைந்து பொன் எடுத்த தமிழர் பல்லாயிரவருள் அவரும் ஒருவர். பொன்னைப் பார்த்த கை அவருடையது. ஆனால் வீட்டில் பொன் இல்லை. லைன் வீட்டின் ஓர் அறையில் அவர் சேர்த்துவைத்த செல்வம் ஒரு தகரப் பெட்டிதான். அதற்குள் சாவி கொடுத்துப் பாடவைக்கும் கிராமபோன் ஒன்று, ஊசி டப்பி ஒன்று, முப்பதுக்கு மேற்பட்ட இசைத்தட்டுகள்! எங்கள் வீட்டில் அவற்றைப் பிளேட்டு என்றே சொல்வார்கள்.

பத்து வயதில் நான் அந்தப் பெட்டியைத் திறந்தேன். ஒரு தட்டைக் கையில் எடுத்துச் சக்கரம்போல் உருட்டினேன். அது சிமெண்டுத் தரையில் விழுந்து நான்கு துண்டாயிற்று. கிட்டப்பா பாடிய எவரனி என்னும் கீர்த்தனை அது. தாத்தா என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. துண்டுகளைப் பொறுக்கி, ஒரு பழைய வேட்டித் துணியில் முடிந்து, பெட்டிக்குள்ளேயே வைத்தார். அடி வாங்கியிருந்தால் அன்றே மறந்திருப்பேன். அந்த அமைதியை இன்றளவும் மறக்க முடியவில்லை. யாருடைய குரலை உடைத்தேன் என்று அறிய முற்பட்டபோதுதான் கிட்டப்பாவின் வாழ்வு எனக்கு அறிமுகமாயிற்று.

செங்கோட்டை இன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. கிட்டப்பா பிறந்த நாளில் அது திருவிதாங்கூர் அரசின் ஆட்சியில் இருந்தது. 1956-இல்தான் தமிழகத்தோடு இணைந்தது. எல்லைக்கு அப்பால் பிறந்து தமிழால் வாழ்ந்தவர் என்பதாலேயே, தங்க வயல்காரனாகிய எனக்கு அவர் உறவினர்போல் தோன்றுவதுண்டு.

1906 ஆகஸ்ட் 25-இல் கங்காதர ஐயரின் மகனாக அவர் பிறந்தார். இட்ட பெயர் இராமகிருஷ்ணன். அழைத்த பெயர் கிட்டன். நாடறிந்த பெயர் கிட்டப்பா. பிள்ளைகள் நிறைந்த வீடு. வறுமையும் நிறைந்த வீடு. அக்காலத்தில் ஏழைச் சிறுவர்க்குக் குரல் இருந்தால் ஒரு வழி இருந்தது. அதுவே நாடகக் கம்பெனி. அங்கே சோறு உண்டு, பாடம் உண்டு, பிரம்படியும் உண்டு. கிட்டப்பாவின் தமையன்மார் அவ்வழியில் சென்றனர். எழுத்துக் கூட்டிப் படிக்கும் வயதில் அவரும் மேடை ஏறினார். நாடகத் தலைமையாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் நிழலில் வளர்ந்த பிள்ளைகளுள் அவரும் ஒருவர்.

அவர் குருகுலத்தில் அமர்ந்து ஆண்டுக்கணக்கில் இசை பயின்றவர் அல்லர். பிறர் பாடக் கேட்டார், கேட்டதைப் பிடித்தார், பிடித்ததைத் தமதாக்கிக்கொண்டார். கேள்வி ஞானம் என்கிறோமே, அதற்கு அவரைவிட வேறு சான்று வேண்டுமா?

பின்னர் அவர் கன்னையாவின் கம்பெனியில் சேர்ந்தார். கண்ணைப் பறிக்கும் காட்சி ஜோடனைகளுக்குப் பெயர் போனது அந்தக் கம்பெனி. தசாவதாரம் முதலிய நாடகங்களைக் காண மக்கள் திரள் திரளாகச் சென்றனர். ஆயினும் ஜோடனை கண்ணுக்கு, கிட்டப்பா காதுக்கு. ஒலிபெருக்கி மேடைக்கு வராத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் சொல் விளங்கப் பாடவேண்டும். கிட்டப்பாவின் குரல் மேல் சுருதியில் கணீரென்று எழும். அங்கே நின்று, பிருகாக்களை மழைபோல் பொழியும். பின் சிறிதும் களைப்பின்றி இறங்கி வரும். தமையனார் காசி ஐயரின் ஆர்மோனியம் அந்தக் குரலுக்கு நிழலாகத் தொடரும். நாடகக்காரன் பாட்டு என்று இகழ்ந்தவர்களும் அவர் பாட்டைக் கேட்கக் கொட்டகைக்குள் நுழைந்தார்கள்.

1920-களின் நடுவில் இலங்கையில் அவர் வாழ்வு திரும்பியது. கொடுமுடியில் 1908-இல் பிறந்து, வறுமையில் பாடிப் பிழைத்து, மேடையில் புகழ் கொண்டிருந்த கே. பி. சுந்தராம்பாளை அங்கே சந்தித்தார். இந்தக் குரலுக்கு அந்தக் குரல் ஈடு கொடுக்குமா என்று பேசியவர்கள், இருவரும் சேர்ந்து மேடை ஏறியபின் வாயடைத்துப் போயினர். வள்ளி திருமணத்தில் அவர் ஒன்று பாட, அம்மையார் அதற்கு விடை பாட, போட்டியாகத் தொடங்கியது காதலாக முடிந்தது. கிட்டப்பாவுக்கு முன்பே மணமாகியிருந்தது. அதனை அறிந்தே அம்மையார் அவரை மணந்தார்.

தோழர்களே, புகழ் பெற்றவர் வரலாற்றை எழுதுகிறவர்கள் குறைகளைத் திரையிட்டு மறைப்பது வழக்கம். நான் அவ்வாறு செய்ய விரும்பவில்லை. அந்த இல்வாழ்வு நிலைக்கவில்லை. ஐயமும் பிணக்கும் புகுந்தன. கிட்டப்பா விலகிச் சென்றார். அம்மையார் கடிதங்கள் எழுதினார். பின்னாளில் அச்சில் வந்த அக்கடிதங்களைப் படிப்பவர், மேடையில் ஆயிரவரைக் கவர்ந்த அம்மையார் ஒருவரின் அன்புக்காக எவ்வளவு தாழ்ந்து கேட்டார் என்பதை உணர்வர். மற்றொரு புறம், மதுப்பழக்கம் கிட்டப்பாவைப் பற்றிக்கொண்டது. ஓய்வில்லாத மேடை, இரவெல்லாம் கண்விழிப்பு, குவியும் பணம், சூழும் கூட்டம்! இவற்றின் நடுவே ஓர் இளைஞனுக்கு அறிவுரை சொல்ல யார் இருந்தார்கள்? உடல் கெட்டது. 1933 டிசம்பர் 2-ஆம் நாள் அந்தக் குரல் அடங்கியது. அப்போது அவருக்கு வயது 27.

சுந்தராம்பாளுக்கு வயது 25. அன்று உடுத்த வெள்ளைச் சேலையை அவர் 1980-இல் தாம் மறையும் வரை மாற்றவில்லை. 1935-இல் திரைப்படத்தில் தோன்றியபோதும் நந்தனாராக ஆண் வேடமே பூண்டார். விலகிச் சென்றவருக்காக அவர் ஏன் அப்படி வாழ்ந்தார் என்று இன்றைய நாம் கேட்கலாம். கேட்கவும் வேண்டும். ஆனால் அந்த வாழ்வின் உறுதியை மறுப்பதற்கில்லை.

இங்கேதான் இசைத்தட்டின் பெருமையை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். தமிழின் முதல் பேசும் படமாகிய காளிதாஸ் 1931 அக்டோபரில் வெளிவந்தது. கிட்டப்பா இரண்டே ஆண்டுகளில் மறைந்தார். திரையில் ஒருமுறையும் தோன்றவில்லை. மறு ஆண்டு பவளக்கொடியில் தியாகராஜ பாகவதர் வந்தார். அவரைத் திரை காத்து வைத்தது. கிட்டப்பாவின் நடையையோ முகபாவத்தையோ நாம் இனிக் காணவே முடியாது. அவர் ஏறிய கொட்டகைகள் இல்லை, கேட்டவர்களும் இல்லை. எஞ்சியவை என்ன? சில நிழற்படங்களும் சில இசைத்தட்டுகளும்தாம்!

அந்தத் தட்டு எத்தகையது? அரக்கும் கல்தூளும் கலந்து செய்த கறுப்பு வட்டம். பத்து அங்குல அகலம்; நிமிடத்துக்கு 78 சுற்று; ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடம். மேடையில் ஒரே பாட்டை, மக்கள் மீண்டும் மீண்டும் கேட்க, நெடுநேரம் விரித்துப் பாடியவர் அவர். தட்டுக்காக அந்தக் கடலைச் செப்புக்குள் அடக்கவேண்டியிருந்தது. எவரனி கீர்த்தனையைக் கேளுங்கள். மூச்சு வாங்க நேரமில்லை. ஆனால் அவசரமும் இல்லை. ஒவ்வொரு பிருகாவும் கோத்த முத்துப்போல் தனித்தனியே நிற்கிறது. மேடை அவருக்கு எல்லாவற்றையும் கொடுத்தது. எதையும் காத்து வைக்கவில்லை. இசைத்தட்டோ அவரிடமிருந்து மிகச் சிறிதே எடுத்துக்கொண்டது. எடுத்ததைக் காத்து வைத்தது.

1902-இல் கல்கத்தாவில் பதிவு செய்யத் தொடங்கிய கிராமபோன் தொழில், முப்பது ஆண்டுகளுக்குள் எங்கள் லைன் வீடு வரை வந்துவிட்டது. சபாவுக்குச் சீட்டு வாங்க முடியாத சுரங்கத் தொழிலாளி, பழைய விலைக்கு ஒரு தட்டு வாங்கினான். மின்சாரம் வேண்டியதில்லை, சாவி கொடுத்தால் போதும். இரவு ஷிப்ட் முடிந்து கேஜில் ஏறி வெளிச்சத்துக்கு வந்தவர்கள், எங்கள் வாசலில் அமர்ந்து கிட்டப்பாவைக் கேட்பார்களாம். பூமிக்கடியில் பாறை வெடித்தால் மேலே வீடுகள் அதிரும். அப்போது ஊசி குதித்துப் பாட்டு தாண்டிப் போகும். பாட்டு தாண்டியதும் எல்லாரும் எழுந்து சுரங்கத்து வாயிலுக்கு ஓடுவார்களாம். கீழே யார் இருக்கிறார்கள் என்று அறியும் வரை எவரும் வீடு திரும்புவதில்லை.

தாத்தாவின் தந்தையைக் கல்தூசி நோய் கொண்டுபோயிற்று. கடைசி ஆண்டுகளில் பத்தடி நடந்தால் அவருக்கு மூச்சு இரைக்கும். அந்நாளில்தான் அவர் கிட்டப்பாவை ஓயாமல் கேட்டார் என்பார் தாத்தா. மூச்சில்லாதவர், மூச்சு முடியாதவன்போல் பாடியவரைக் கேட்டுக் கிடந்தார். இருவரும் ஏறக்குறைய ஒரே தலைமுறை. ஒருவருக்குத் தொழில் மூச்சைக் கொடுத்துப் பாடுவது. மற்றவருக்குத் தொழில் மூச்சைக் கொடுத்துக் கல் உடைப்பது.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. அதற்குப் பின் வந்த பஞ்சத்தில் எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் விற்கப்பட்டன. தையல் இயந்திரம் விற்கப்பட்டது. பாட்டியின் தோடும் போயிற்று. பெட்டி மட்டும் போகவில்லை. அப்படிக் காத்த ஒன்றைத்தான் நான் உடைத்தேன்.

பல்கலைக்கழகத்துக்கு வந்த முதல் ஆண்டிலிருந்து, பெங்களூரின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழந்தட்டுக் குவியல்களைப் புரட்டத் தொடங்கினேன். துருப்பிடித்த பூட்டுகளுக்கும் உடைந்த கடிகாரங்களுக்கும் நடுவே, கடந்த ஆண்டு அது கிடைத்தது. அதே கீர்த்தனை. விளிம்பிலிருந்து ஒரு கீறல் உள்ளே ஓடியிருந்தது. கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுத்தேன். மார்போடு அணைத்துக்கொண்டே இரயிலில் ஊர் சென்றேன். கிராமபோனில் வைத்தோம். சுற்றுக்கு ஒருமுறை டக் என்று கீறல் தட்டியது. அதற்கு மேலே கிட்டப்பா பாடினார். தாத்தா கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் தட்டைத் துண்டால் துடைத்து, அந்தப் பழைய துணி முடிச்சின் பக்கத்திலேயே வைத்தார். அன்றும் ஒன்றும் சொல்லவில்லை. இம்முறை அந்த அமைதி என்னைச் சுடவில்லை.

கிட்டப்பாவின் குரல் இன்று கணினியிலும் கைப்பேசியிலும் கிடைக்கிறதே, தட்டு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். யாரோ ஒருவர் வீட்டில் உடையாமல் காத்த தட்டிலிருந்துதான் அது அங்கே ஏறிற்று என்பதை மறந்துவிடாதீர்கள். இன்னும் ஏறாதவை எத்தனை பரண்களில் கிடக்கின்றனவோ!

விடுமுறைக்கு ஊர் செல்லும் தோழர்களே, உங்கள் வீட்டுப் பரணில் ஏறிப் பாருங்கள். கறுப்பு வட்டம் ஒன்று கிடைத்தால் படுக்க வைக்காதீர்கள், நிமிர்த்தி வையுங்கள். வெயிலில் காட்டாதீர்கள். பழைய சாமான்காரனிடம் எடைக்குப் போடாதீர்கள். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். இதை உடைத்தவன் சொல்கிறேன், கேளுங்கள்!