நாடிழந்த மகாராஜாவும் 360 சீட்டுகளும்

ஒரு சீட்டுக்கட்டில் எத்தனை சீட்டுகள்? 52 என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஜோக்கரைச் சேர்த்தால் ஒன்றிரண்டு கூடும், அவ்வளவுதான். ஆனால் ஒரே கட்டில் 360 சீட்டுகள்! இஸ்பேட், ஆர்ட்டின், டைமண்ட், கிளாவர் என்ற நாலு இனங்களுக்குப் பதிலாக 18 இனங்கள்! இப்படியும் ஒரு கட்டை ஒருவர் கற்பனை செய்தார். அதை ஆடுவதற்கு விதிகள் வகுத்தார். சீட்டுகளின் படங்களை வர்ணத்தில் எழுதச் செய்து புத்தகத்திலும் ஏற்றி வைத்தார்.

அவர் மைசூர் மகாராஜா மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார். மும்மடி கிருஷ்ணராஜர் என்று மைசூர்க்காரர்கள் அவரைச் சொல்வார்கள். 

ஒரு நாட்டை ஆள வேண்டியவர் சீட்டுக்கட்டோடு உட்கார்ந்தது ஏன்? அது ஒரு சோகக் கதை.

ஐந்து வயதில் அரியணை

1794-ம் ஆண்டு ஜூலை 14-ந் தேதி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அவர் பிறந்தபோது, உடையார் குடும்பத்துக்கு அதிகாரமும் இல்லை, படையும் இல்லை. நாடு திப்பு சுல்தான் கையில் இருந்தது. குழந்தைக்கு இரண்டு வயது ஆவதற்குள் தகப்பனார் காலமானார். ஆதரவாக இருந்தவர் பாட்டி லட்சுமி அம்மணி. மகா கெட்டிக்காரி. ஹைதர் காலத்திலிருந்தே சென்னைப் பட்டணத்து வெள்ளைக்காரர்களுக்கு இரகசியமாகத் தூது அனுப்பி, குலத்துக்கு உரிய நாட்டை மீட்கப் பாடுபட்டவர் அவர்.

1799 மே 4-ந் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. திப்பு போரில் மாண்டார். கும்பினியார் நாட்டைத் துண்டு போட்டு, ஒரு பாகத்தை உடையார் வம்சத்துக்குக் கொடுத்தார்கள். ஜூன் 30-ந் தேதி மைசூரில் பட்டாபிஷேகம் நடந்தது. மகாராஜாவுக்கு அப்போது ஐந்து வயதுகூட நிரம்பவில்லை.

இனாமாக யார் நாட்டைக் கொடுப்பார்கள்? மைசூர் ஆண்டுதோறும் 7 லட்சம் நட்சத்திர வராகன் கும்பினிக்குக் கட்ட வேண்டும். ஆட்சி சரியில்லை என்று தோன்றினால் நாட்டைத் தாங்களே எடுத்து நடத்தலாம் என்றும் உடன்படிக்கையில் எழுதிக்கொண்டார்கள். அந்த ஒரு ஷரத்துதான் பின்னால் மகாராஜாவின் கழுத்தைப் பிடித்தது.

பறிபோன ஆட்சி

சிறுவர் வளரும்வரை திவான் பூர்ணய்யா நாட்டைக் கவனித்தார். முன்பு ஹைதருக்கும் திப்புவுக்கும் மந்திரியாக இருந்த அதே பூர்ணய்யாதான். சிக்கனக்காரர். கஜானாவை நிரப்பி வைத்துவிட்டு விலகினார். வாலிப மகாராஜாவுக்குத் தாராளக் கை. கோயில்களுக்குக் கொடுத்தார், புலவர்களுக்குக் கொடுத்தார், கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். சாமுண்டி மலைக் கோயிலின் உயர்ந்த கோபுரம் 1827-ல் அவர் எழுப்பியது. கொடுப்பது புண்ணியம்தான். ஆனால் வரவு தெரிந்து கொடுக்க வேண்டாமா? வரி வசூலிக்கும் உரிமையைப் பெற்றவர்கள் குடியானவர்களைக் கசக்கிப் பிழிந்தார்கள். 1830-ல் நகர் சீமையில் விவசாயிகள் கலகம் செய்தார்கள். கலகத்தை அடக்கக் கும்பினிப் பட்டாளம் வந்தது.

1831-ல் கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் பிரபு அந்தப் பழைய ஷரத்தைக் காட்டி ஆட்சியைப் பறித்துக்கொண்டார். குற்றம் மகாராஜா மேலும் இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் பிறகு விசாரணை நடத்திய கமிட்டி, முதலில் சொல்லப்பட்ட அளவுக்கு நிலைமை மோசமில்லை என்று கண்டது. பெண்டிங்கே நாட்டின் ஒரு பகுதியையாவது திருப்பிக் கொடுக்கலாம் என்று 1834-ல் யோசித்தார். லண்டனில் இருந்த எஜமானர்கள் ஒப்பவில்லை.

மகாராஜா என்ற பட்டம் மிஞ்சியது. அரண்மனை மிஞ்சியது. வருஷத்துக்கு ஒரு லட்சம் வராகனும் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும் மிஞ்சின. உத்தரவு போடும் அதிகாரம் மட்டும் போய்விட்டது. அப்போது அவருக்கு வயது 37. இன்னும் 36 ஆண்டுகளுக்கு மேல் அவர் உயிர் வாழ வேண்டியிருந்தது!

வட்டச் சீட்டு

அந்தக் காலத்து அரண்மனைகளில் ஆடியது இன்றைய இங்கிலீஷ் சீட்டு அல்ல. கஞ்சிபா என்ற வட்டச் சீட்டு. பாரசீகத்து வழியில் வந்த ஆட்டம் அது. மொகலாய மன்னர் பாபர் 1527-ல் சிந்து தேசத்தில் இருந்த நண்பருக்குக் கஞ்சிபா அனுப்பியதாகத் தம் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். நம் நாட்டில் அதற்குத் தசாவதாரக் கோலம் வந்தது. மச்சம் முதல் கல்கி வரை பத்து இனங்கள். இனத்துக்கு 12 சீட்டு: ராஜா ஒன்று, மந்திரி ஒன்று, எண் சீட்டு பத்து. ஆகமொத்தம் 120.

பழந்துணியையோ காகிதத்தையோ புளியங்கொட்டைப் பசையால் அடுக்கடுக்காக ஒட்டி, சுண்ணப் பூச்சுக் கொடுத்து, வட்டமாக நறுக்குவார்கள். அதன்மேல் கையால் படம் எழுதி, அரக்கு மெருகு ஏற்றுவார்கள். பிரபுக்கள் வீட்டுக் கட்டு தந்தத்திலும் ஆமை ஓட்டிலும் இருக்கும். ராஜா சீட்டில் அவதார மூர்த்தியே வீற்றிருப்பார். எண் சீட்டுகளில் மச்சாவதாரத்துக்கு மீன், பரசுராமருக்குக் கோடரி என்று அடையாளங்கள் இருக்கும்.

ஆட்டமும் லேசானதல்ல. பாதி இனங்களில் மந்திரிக்கு அடுத்த பெரிய சீட்டு பத்து. மீதிப் பாதியில் எல்லாம் தலைகீழ், ஒன்றுதான் பெரியது! பகலில் ஆடினால் ராமர் சீட்டு வைத்திருப்பவர் முதலில் இறங்க வேண்டும். இரவில் ஆடினால் கிருஷ்ணர் சீட்டு வைத்திருப்பவர். எந்தச் சீட்டு போயிற்று, எது யார் கையில் தங்கியது என்று கடைசிவரை நினைவில் வைத்திருப்பவருக்கே வெற்றி.

மற்றவர்களுக்கு இந்தக் கட்டு போதும். கிருஷ்ணராஜருக்குப் போதவில்லை. தாமே புதுக் கட்டுகள் வகுக்கத் தொடங்கினார். இனம் ஒன்றுக்கு எண் சீட்டு 12, அரசவைச் சீட்டு 6 என்று பெருக்கினார். குலதெய்வமான சாமுண்டேசுவரி பெயரில் ஒரு கட்டு, நவக்கிரகங்களின் பெயரில் ஒரு கட்டு, புதிய தசாவதாரக் கட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. என்றும் மாறாத துருப்பு இனம், எந்தச் சீட்டுக்குப் பதிலாகவும் இறங்கக்கூடிய சீட்டு என்று புதுப்புது விதிகள். இனங்கள் 18 வரை போயின. சீட்டுகள் 360 வரை போயின. அவ்வளவு சீட்டையும் கலைத்துப் போடுவதற்கே தனியாக ஓர் ஆள் வேண்டியிருக்கும்!

இவற்றையெல்லாம் ஸ்ரீதத்துவநிதி என்ற மாபெரும் நூலில் சேர்த்தார். ஒன்பது பாகங்கள் கொண்ட நூல் அது. தெய்வங்களின் உருவங்கள், கிரகங்கள், ஆகமங்கள் எல்லாம் அதில் அடக்கம். ஒன்பதாவது பாகம் கௌதுகநிதி, அதாவது வேடிக்கை வினோதங்களின் புதையல். சீட்டாட்டங்கள் அதில்தான் இருக்கின்றன. 122 யோகாசனங்களின் படங்களும் அதே பாகத்தில் உண்டு. சதுரங்கத்திலும் அவர் மன்னர். குதிரைக் காய் ஒரு கட்டத்தை இரண்டு முறை தொடாமல் 64 கட்டங்களையும் சுற்றிவர வேண்டும் என்பது பழைய புதிர். அதற்கு விடைகளைக் கண்டுபிடித்து வைத்தார்.

காரியம் பார்க்க விடாத மூளை ஏதாவது ஒன்றைக் கட்டி ஆளத்தானே செய்யும்? கட்டுக்குள் இருந்த ராஜாக்களும் மந்திரிகளும் அவர் விதித்தபடி நடந்தார்கள். கமிஷனர் கப்பன் துரையிடம் அந்தக் கதை நடக்கவில்லை.

கடைசிப் போராட்டம்

ஆனால் மகாராஜா விளையாட்டிலேயே மூழ்கிவிட்டார் என்று நினைத்தால் தவறு. கவர்னர் ஜெனரல்கள் ஒவ்வொருவராக வந்தார்கள், போனார்கள். அவருடைய மனுவும் விடாமல் போய்க்கொண்டிருந்தது. என் நாட்டை என்னிடம் கொடுங்கள் என்பதே கோரிக்கை. பதில் எப்போதும் இல்லை என்பதே.

இன்னொரு பயமும் இருந்தது. பட்டத்துக்கு உரிய ஆண் வாரிசு இல்லை. வாரிசு இல்லாத அரசுகளை டல்ஹௌசி பிரபு ஒவ்வொன்றாக விழுங்கிய காலம் அது. மகாராஜா கண் மூடினால் மைசூரும் போய்விடும் என்று பலர் கணக்குப் போட்டார்கள்.

1865 ஜூன் மாதம் மகாராஜா ஒரு காரியம் செய்தார். சாமராஜேந்திரன் என்ற இரண்டு வயதுக் குழந்தையைத் தத்து எடுத்தார். முதலில் சர்க்கார் அதை ஒப்பவில்லை. எழுபது வயதுக் கிழவர் விடவில்லை. இந்தியாவில் எழுதினார், இங்கிலாந்துக்கு எழுதினார், தமக்காகப் பேசும் ஆங்கிலேயர்களையும் தேடிப் பிடித்தார். 1867-ல் லண்டன் சர்க்கார் இறங்கி வந்தது. பிள்ளை வளர்ந்ததும் நாடு அவனுக்கே என்று முடிவாயிற்று.

மறு வருஷம் மார்ச் 27-ந் தேதி, தம் 73-ம் வயதில், கிருஷ்ணராஜர் காலமானார்.

1881 மார்ச் 25-ந் தேதி, 18 வயது நிரம்பிய சாமராஜேந்திர உடையாரிடம் மைசூர் ஒப்படைக்கப்பட்டது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு உடையார் ஒருவர் மீண்டும் உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

360 சீட்டுக் கட்டு அரண்மனையைத் தாண்டி வெளியே பரவவில்லை. ஆனால் மைசூர் ஓவியர்கள் கஞ்சிபா எழுதுவதை மறக்கவில்லை. அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. மைசூருக்குப் போகிறவர்கள், கிருஷ்ணராஜர் 1861-ல் கட்டிய ஜகன்மோகன அரண்மனையைப் பார்க்கலாம். அவர் வகுத்த ஆட்டங்களின் கட்டங்கள் அதன் சுவரிலே எழுதப்பட்டவை.