கடைசி வரை மாணவராக இருந்த கித்தார் கலைஞர்

கித்தார் வாசிக்கும் நண்பர்கள் நான்கு பேர் புக்கிட் தெங்காவில் ஒரு மாமாக் கடையில் உட்கார்ந்தால், தே தாரிக் ஆறுவதற்குள் ஒரு விவாதம் தொடங்கிவிடும். ஹார்ட் ராக், மெட்டல் இசையில் யார் பெரிய கலைஞர்? ஒருவர் எடி வான் ஹேலன் என்பார். இன்னொருவர் நம் நாட்டு 'சர்ச்' குழுவின் 'இசபெல்லா' பாடலைப் பரிந்துரைப்பார். மூன்றாமவர் ரேண்டி ரோட்ஸ் பெயரைச் சொல்வார். 25 வயதில் இறந்துபோன அந்த இளைஞரின் பெயர் 40 ஆண்டுகள் கடந்தும் ஏன் இந்த விவாதத்தில் வருகிறது?

ரேண்டி 1956-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் தேதி அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சாந்தா மோனிக்காவில் பிறந்தார். மூன்று பிள்ளைகளில் இளையவர். அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தை குடும்பத்தை விட்டுப் பிரிந்துவிட்டார். தாய் டெலோரஸ், வடக்கு ஹாலிவுட்டில் 'முசோனியா' என்ற இசைப்பள்ளியை நடத்தி மூவரையும் வளர்த்தார். ஏழு வயதை ஒட்டி, தாத்தாவின் பழைய கித்தாரில் ரேண்டி பயிலத் தொடங்கினார். சில ஆண்டுகளில், இனிக் கற்றுக்கொடுக்கத் தம்மிடம் ஒன்றுமில்லை என்று அவருடைய ஆசிரியரே தாயிடம் வந்து சொல்லிவிட்டார்.

பதின்ம வயதில் நண்பர் கெல்லி கார்னியுடன் சேர்ந்து அவர் தொடங்கிய குழுவே பின்னர் 'குவயட் ரையட்' ஆனது. லாஸ் ஏஞ்சலிஸ் கிளப்புகளில் ரசிகர்கள் திரண்டார்கள். ஆனால் அவர் இருந்த காலத்தில் அந்தக் குழுவின் இரண்டு ஆல்பங்களும் ஜப்பானில் மட்டுமே வெளிவந்தன. சொந்த நாட்டில் எந்த நிறுவனமும் முன்வரவில்லை. அதே கிளப்புகளில் வாசித்த வான் ஹேலன் குழு 1978-இல் உலகப் புகழ் பெற்றுவிட்டது. ரேண்டியோ தாயின் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கித்தார் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

1979-இல் திருப்பம் வந்தது. பிளாக் சபாத் குழுவிலிருந்து நீக்கப்பட்ட பாடகர் ஓசி ஆஸ்போர்ன் புதிய குழுவுக்கு ஆள் தேடினார். ரேண்டி வாசிக்கத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே வேலை கிடைத்தது. 1980-இல் 'பிளிசர்ட் ஆஃப் ஓஸ்', 1981-இல் 'டயரி ஆஃப் எ மேட்மேன்' ஆகிய இரு ஆல்பங்களும் வெளிவந்தன. அவருடைய புகழ் முழுவதும் இந்த இரண்டின் மீதுதான் நிற்கிறது.

வேகத்தை மட்டும் வைத்து ஒப்பிட்டால் அவரைப் புரிந்துகொள்ள முடியாது. 'கிரேஸி டிரெயின்' பாடலின் தொடக்கம் மேற்கத்திய இசையின் இயல்பான மைனர் சுவர வரிசையில் அமைந்தது. நம் கர்நாடக இசையில் அதை நடபைரவி என்கிறோம். 'மிஸ்டர் குரோலி'யில் அவர் வாசிக்கும் தனிப்பகுதிகளைப் பாடலிலிருந்து பிரித்தெடுத்தாலும் அவை முழுமையான மெட்டுகளாக நிற்கும். ஒலிப்பதிவில் அதே தனிப்பகுதியை அவர் மீண்டும் மீண்டும் வாசித்து, ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தினார். ஒரு சுவரம் பிசகினாலும் காது கண்டுபிடித்துவிடும். மனம்போன போக்கில் வாசிப்பவரால் இதைச் செய்ய முடியாது. ஒவ்வொரு சுவரமும் மனப்பாடமாக இருக்க வேண்டும். முதல் ஆல்பத்திலேயே இரைச்சலுக்கு நடுவே, தாய்க்காக 'டீ' என்ற சிறிய கிளாசிக்கல் கித்தார் இசையையும் அவர் சேர்த்தார். ஒரு நிமிடம்கூட ஓடாத அந்த இசையின் தலைப்பு தாயின் செல்லப்பெயர்தான்.

புகழ் வந்த பிறகும் அவர் பாடம் கேட்பதை நிறுத்தவில்லை. சுற்றுப்பயணத்தில் போகும் ஊர்களில் கிளாசிக்கல் கித்தார் ஆசிரியர்களைத் தேடிப்போய், பணம் கொடுத்துப் படித்தார். குழுவை விட்டு விலகி, பல்கலைக்கழகத்தில் சேர்ந்து முறையாகப் பட்டம் பெறவும் எண்ணியிருந்தார்.

அது நடக்கவில்லை. 1982 மார்ச் 19 அன்று, புளோரிடாவின் லீஸ்பர்க்கில் குழுவின் பேருந்து நின்றிருந்தது. அதன் ஓட்டுநர் அங்கிருந்த சிறிய விமானத்தை எடுத்துக்கொண்டு பறந்தார். ரேண்டியும் ஒப்பனைக் கலைஞர் ரேச்சல் யங்பிளட்டும் உடன் ஏறினார்கள். ஓட்டுநர் விளையாட்டாகப் பேருந்தின்மேல் தாழப் பறந்தபோது இறக்கை பேருந்தில் உரசி, விமானம் ஒரு வீட்டில் மோதி எரிந்தது. மூவரும் இறந்தனர். ஓட்டுநரின் உடலில் கொக்கேய்ன் இருந்தது பரிசோதனையில் தெரிந்தது. ரேண்டியின் உடலில் நிக்கோட்டின் தவிர எதுவும் இல்லை. பொறுப்பில்லாத ஒருவரை நம்பி உட்கார்ந்த சில நிமிடங்களுக்கு அவர் கொடுத்த விலை, உயிர்.

2021-இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அவருக்கு விருது அளித்தது. தாய் டெலோரஸ் 2015-இலேயே, 95 வயதில் மறைந்துவிட்டதால் அதைப் பார்க்கவில்லை.

கித்தாரைத் தொட்டால் படிப்பு கெட்டுவிடும் என்று நம்மில் பலர் வீட்டில் கேட்டிருப்போம். ரேண்டிக்குக் கித்தாரே படிப்பாக இருந்தது. அடுத்த முறை விவாதம் சூடாகும்போது முதலில் 'மிஸ்டர் குரோலி'யையும், அடுத்து 'டீ'யையும் நண்பர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். இரண்டையும் வாசித்தது ஒரே கைதான் என்பதைக் கடைசியில் சொல்லுங்கள்.