கட்டை விரலின் கடமை

கட்டை விரல் என்றதும் நம் நினைவுக்கு வருகிறவன் ஏகலைவன். குருதட்சிணையாக அதை அறுத்துக் கொடுத்து, அதனோடு தன் வில்வித்தையின் உயர்வையும் இழந்தவன் அவன். நாம் இங்கே கூறப் புகுவது அதற்கு நேர்மாறான ஒரு வரலாறு. இடக்கை விரல்களில் இரண்டைத் தீ கருக்கிவிட, எஞ்சிய இரண்டையும், வாத்திய ஆசிரியர்கள் ஒதுக்கி வைத்திருந்த கட்டை விரலையும் துணையாகக் கொண்டு, உலகம் போற்றும் கிதார் மேதையாக விளங்கினார் ஒருவர். அவர் பெயர் ஜாங்கோ ரைன்ஹார்ட்.

அவருடைய அருஞ்செயலை நன்கு உணர வேண்டுமானால், கிதார் வாசிக்கும் முறையைச் சிறிது அறிதல் வேண்டும். கிதாருக்கு ஆறு தந்திகள். வீணைக்கு இருப்பது போலவே மெட்டுக்களும் உண்டு. வலக்கை தந்திகளை மீட்ட, இடக்கை மெட்டுக்களின்மேல் அவற்றை அழுத்துகிறது. நம் வீணை வித்துவான்கள் இடக்கையின் சுட்டு விரலையும் நடு விரலையும் கொண்டே பெரும்பாலும் வாசித்துவிடுகிறார்கள். ஒரு சமயத்தில் ஒரு சுரமே நமக்குப் போதுமானது; அதை இழுத்தும் அசைத்தும் இராகத்தை வளர்க்கிறோம். மேனாட்டு இசையின் இயல்பு வேறு. அங்கே மூன்று, நான்கு சுரங்கள் ஒரே கணத்தில் சேர்ந்து ஒலிக்க வேண்டும். கார்டு எனப்படும் அந்தச் சுரக்கூட்டை எழுப்ப, சுட்டு விரல் தொடங்கிச் சுண்டு விரல் ஈறாக நான்கு விரல்களும் வெவ்வேறு தந்திகளில் ஒருங்கே அமர்தல் வேண்டும். கட்டை விரலோ கிதாரின் கழுத்துக்குப் பின்னால், எவர் கண்ணிலும் படாமல், முட்டுக் கொடுத்து நிற்கும்.

அது பின்னால்தான் நிற்க வேண்டுமா என்பது பழைய வழக்கு. 1830ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் கிதார்ப் பயிற்சி நூல் ஒன்றை வெளியிட்ட ஸ்பானிய மேதை பெர்னாண்டோ ஸோர், பின்னால்தான் நிற்க வேண்டும் என்ற கட்சியைச் சேர்ந்தவர். அதே காலத்தில் அதே நகரில் வாழ்ந்த இத்தாலியர் பெர்டினாண்டோ கருல்லி, தடித்த தந்தியை அழுத்துவதற்குக் கட்டை விரலை மேலே கொண்டு வருவதை ஏற்றவர். நாளடைவில் ஸோரின் கட்சியே வென்றது. கல்லூரிகளில் கற்பிக்கப்படும் செவ்வியல் கிதாரில் கட்டை விரல் மேலே தலைகாட்டுவது பிழை என்றே கருதப்படலாயிற்று. ஏறத்தாழ நூறாண்டு கழித்து அதே பாரிஸின் புறஞ்சேரியில் ஒரு நாடோடி இளைஞர், அவ்விதியைக் கேள்விப்படாமலே, அதை மீற நேர்ந்தது.

ஜாங்கோ 1910ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள், பெல்ஜியத்திலுள்ள லிபர்ஷி என்னும் சிற்றூரின் அருகே, ஒரு கூண்டு வண்டியில் பிறந்தார். இயற்பெயர் ஜான். ஜாங்கோ என்ற செல்லப் பெயருக்கு, நான் விழிக்கிறேன் என்று அவர்கள் மொழியில் பொருள் கூறுவர். ஜிப்ஸிகள் என்று ஐரோப்பியர் அழைத்த ரோமா இனத்தில், மானூஷ் என்ற பிரிவைச் சேர்ந்தது அவர் குடும்பம். இவ்வினத்தாரின் முன்னோர் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் நாட்டின் வடமேற்குப் பகுதியிலிருந்து புறப்பட்டுச் சென்றவர்கள் என்பது ஆராய்ச்சியாளர் முடிவு. அதற்குப் பெருஞ்சான்று அவர்கள் மொழியே. தண்ணீருக்குப் பானி என்றும், மூக்குக்கு நாக் என்றும், காதுக்குக் கான் என்றும் அவர்கள் கூறுவதைக் கேட்டால், வட இந்தியக் கடைவீதிகளில் அச்சொற்களைக் கற்றுக்கொண்ட நமக்கு வியப்பும் உறவுணர்வும் ஒருங்கே எழுகின்றன. ஊரையும் நாட்டையும் விட்டவர்கள், பேச்சை மட்டும் விடவில்லை!

இசையும் வேடிக்கையும் காட்டிப் பிழைத்த அக்குடும்பம், பல தேசங்களில் அலைந்த பின் பாரிஸின் பழைய கோட்டை மதிலுக்கு வெளியே வண்டிகளை நிறுத்திக்கொண்டது. ஜாங்கோ முறையாகப் பள்ளிக்குச் சென்றவரல்லர். எழுத்தும் இசைக் குறியீடும் இளமையில் அவர் அறியாதவை. ஆயினும் கேட்டதைக் கேட்டபடி வாசிக்கும் காது அவருக்கு வாய்த்திருந்தது. பன்னிரண்டு வயதளவில், பாஞ்சோவும் கிதாரும் கலந்த ஒரு வாத்தியம் அவர் கைக்கு வந்தது. பெரியவர்களின் விரல்களைப் பார்த்தே கற்றுக்கொண்டார். சில ஆண்டுகளிலேயே நடன விடுதிகளில் அக்கார்டியன் வித்துவான்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்துப் பொருள் ஈட்டலானார். 1928ஆம் ஆண்டில் அவர் வாசித்த முதல் இசைத்தட்டுக்கள் வெளிவந்தன. அவற்றில் அவர் பெயரைப் பிழையாக அச்சிட்டிருந்தார்கள்; அதைத் திருத்தும் எழுத்தறிவும் அப்போது அவருக்கு இல்லை. எனினும் புகழ் பரவியது. இங்கிலாந்தின் பெயர்பெற்ற வாத்தியக் குழுத் தலைவர் ஜாக் ஹில்டன் பாரிஸுக்கு வந்து கேட்டுவிட்டுத் தம் குழுவில் இடம் தர முன்வந்தார்.

பதினெட்டு வயது, கண்ணெதிரே நல்வாழ்வு, அந்தச் சமயத்தில்தான் விதி குறுக்கிட்டது.

அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் ஓர் இரவு, வாசிப்பு முடிந்து தம் கூண்டு வண்டிக்குத் திரும்பினார். விற்பனைக்காக மனைவி செய்து வைத்திருந்த செல்லுலாய்ட் பூக்கள் வண்டி நிறையக் குவிந்திருந்தன. மெழுகுவர்த்தியின் தீ அவற்றில் பட்டது. செல்லுலாய்ட் வெடிமருந்து போல் பற்றிக்கொள்ளும் பொருள். நொடியில் வண்டி முழுதும் தழலாயிற்று. இருவரும் உயிர் பிழைத்தனர். ஆனால் ஜாங்கோவின் வலக்காலும் இடக்கையும் கடுமையாக வெந்துவிட்டன. காலை எடுத்துவிட வேண்டும் என்றனர் மருத்துவர், அவர் இசையவில்லை. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு படுக்கையிலும் சிகிச்சையிலும் கழிந்தது. கால் பிழைத்தது. இடக்கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் மட்டும் உள்நோக்கி மடங்கி, விறைத்து நின்றுவிட்டன. இனி இவர் கிதார் வாசிப்பது ஏது என்று பலரும் கைவிட்டனர்.

படுக்கையில் கிடந்தவருக்குத் தம்பி ஜோசப் ஒரு கிதாரைக் கொண்டு வந்து கொடுத்தார். மருந்தினும் சிறந்த மருந்து அது. கற்ற வித்தையைத் திரும்பப் பெறுவதோடு நில்லாமல், புதிதாக ஒரு வித்தையையே அப்படுக்கையில் ஜாங்கோ படைக்க வேண்டியிருந்தது.

அவர் கண்ட வழி யாது? தனியே இராகம் வாசிக்கும்போது சுட்டு விரலும் நடு விரலுமே போதும் என்று கொண்டார். நான்கு விரல் உள்ளவர் கையை ஓரிடத்தில் நிறுத்திக்கொண்டு, தந்திக்குத் தந்தி தாவலாம். இரண்டே விரல் உள்ளவர் கழுத்தின் நீளம் முழுவதும் மேலும் கீழுமாக ஓடியாக வேண்டும். ஓடினார். அந்த ஓட்டத்திலிருந்தே, கேட்பவர் மூச்சைப் பிடித்துக்கொள்ளும் அவருடைய வேகம் பிறந்தது.

சுரக்கூட்டுக்கள்தாம் பெருஞ்சிக்கல். சாதாரணமாகச் சுட்டு விரலை ஆறு தந்திகளின் குறுக்கே கிடத்தி, மற்ற மூன்று விரல்களால் மேற்கொண்டு அழுத்துவார்கள். அது ஜாங்கோவுக்கு இயலாது. அங்கேதான் கட்டை விரல் முன் வந்தது. பின்னால் நின்ற அதைக் கழுத்தின் மேல் விளிம்பைச் சுற்றிக் கொண்டுவந்து, தடித்த ஆறாம் தந்தியை அதனாலேயே அழுத்தினார். நடுத் தந்திகளைச் சுட்டு விரலும் நடு விரலும் பார்த்துக்கொண்டன. விறைத்த விரல்களையும் அவர் முற்றிலும் தள்ளிவிடவில்லை. மடங்கிய நிலையிலேயே மெல்லிய முதலிரு தந்திகளின்மேல் அவற்றை ஊன்றி, இயன்ற அளவு வேலை வாங்கினார். 1930களின் இறுதியில் எடுக்கப்பட்ட ஒரு குறும்படத்தில் அந்தக் கையின் வேலையை இன்றும் காணலாம்.

ஆசிரியர்கள் கூறிய விதி தவறு என்று நாம் சொல்ல வரவில்லை. கட்டை விரல் மேலேறினால் உள்ளங்கை கழுத்தோடு ஒட்டிக்கொள்ளும்; மற்ற விரல்கள் அகல விரியமாட்டா. நான்கு விரலும் நலமாக உள்ளவனுக்கு அது நஷ்டமே. ஆனால் ஜாங்கோவின் இரு விரல்கள் எப்படியும் விரியப் போவதில்லை. ஆகவே அவர் இழந்தது ஒன்றுமில்லை. பெற்றதோ ஒரு விரல்! அன்றியும் திறந்த தந்தி ஒன்றும் இல்லாமல் எல்லாம் கைக்குள் அடங்கியிருந்தமையால், பிடியைச் சற்றே தளர்த்தினாலும் ஒலி சட்டென அறுந்துவிடும். இந்த வெட்டும் துடிப்பும் பின்னர் அவர் குழுவின் இசைக்கே உயிர்நாடியாயின.

1931ஆம் ஆண்டளவில் தூலோன் நகரில், எமில் சவித்ரி என்ற ஓவியர் அமெரிக்க நீக்ரோ மேதை லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கின் ஜாஸ் இசைத்தட்டுக்களை ஜாங்கோவுக்குப் போட்டுக் காட்டினார். தம் உள்ளத்தில் இருந்ததற்கு ஒரு மொழி கிடைத்தது போல் அவர் உருகிப்போனார் என்பர். 1934ஆம் ஆண்டில் வயலின் வித்துவான் ஸ்டெபான் கிராப்பெல்லியுடன் சேர்ந்து ஐவர் குழு ஒன்று அமைந்தது. தாள வாத்தியமோ ஊதுகுழலோ அதில் கிடையாது. ஒரு வயலின், மூன்று கிதார்கள், ஒரு பெரிய பாஸ் வாத்தியம், அவ்வளவே. கிராப்பெல்லி வாசிக்கும்போது பின்னால் இரண்டு கிதார்கள் தாங்குகின்றன, தாம் வாசிக்கும்போது ஒன்றுதானே தாங்குகிறது என்று ஜாங்கோ குறைப்பட்டுக்கொண்டதால் மூன்றாம் கிதார் சேர்ந்ததாகக் கூறுவர். அவ்வாறு சேர்ந்தவர் தம்பி ஜோசப்பே. படுக்கையருகே கிதாரை ஏந்தி வந்தவர், மேடையிலும் பின்னிருந்து தாங்கினார். அவ்வாண்டு டிசம்பரில் வெளிப்பதிவு தொடங்கிய அக்குழுவின் தட்டுக்கள் ஐரோப்பாவெங்கும் பரவின.

1939 செப்டம்பரில் போர் மூண்டபோது குழு லண்டனில் இருந்தது. கிராப்பெல்லி அங்கேயே தங்கினார். ஜாங்கோ பாரிஸுக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டு நாஜிகள் பிரான்சைக் கைப்பற்றினர். ரோமா மக்களுக்கு அது கொடுங்காலம். நாடோடிகள் ஊர்விட்டு ஊர் செல்லக் கூடாதென்று 1940 ஏப்ரலிலேயே பிரெஞ்சு அரசு ஆணையிட்டிருந்தது. ஆயிரக்கணக்கானோர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். ஐரோப்பா முழுவதிலும் கொல்லப்பட்ட ரோமா மக்களின் தொகை 2,00,000-க்குக் குறையாதென்றும், 5,00,000 வரை இருக்கலாமென்றும் வரலாற்றாசிரியர் மதிப்பிடுவர். இந்நிலையில் ஜாங்கோவோ பாரிஸ் மேடைகளில் கொண்டாடப்பட்டார். 1940இல் அவர் பதிவு செய்த நுவாஜ், அதாவது மேகங்கள், என்ற இசை, அடிமைப்பட்ட நகரத்தாரின் ஏக்கத்துக்கு உருவமாயிற்று. ஜாஸை இழித்துப் பேசியது நாஜி அரசு. அதன் அதிகாரிகளிலேயே சிலர் இரவில் வந்து அதைக் கேட்டனர்.

அந்தப் பாதுகாப்பு எத்தனை நாள் நிற்கும்? 1943இல், கருவுற்றிருந்த மனைவியுடன் சுவிட்சர்லாந்துக்குத் தப்ப முயன்று பிடிபட்டார். விசாரித்த ஜெர்மானிய அதிகாரி அவர் இசையில் ஈடுபாடுடையவராக இருந்தமையால் விடுவித்தார். மீண்டும் முயன்றபோது சுவிஸ் எல்லைக் காவலர் திருப்பியனுப்பிவிட்டனர். பகைவன் விட்டான், நடுநிலையாளன் கதவடைத்தான்! அடுத்த ஆண்டு ஜூனில் பாரிஸில் மகன் பாபிக் பிறந்தான். ஜாங்கோ பிழைத்தது கலையாலும் தற்செயலாலுமே. அத்தகைய புகழ் இல்லாத அவர் இனத்தார்க்கு அவ்வழியும் இருக்கவில்லை என்பதை நாம் மறத்தலாகாது.

போர் ஓய்ந்த பின், 1946இல் அமெரிக்கா சென்று, டியூக் எல்லிங்டனின் பெருங்குழுவுடன் வாசித்தார். கார்னகி மண்டபத்தில் இரண்டாம் நாள் கச்சேரிக்கு மிகவும் தாமதித்து வந்து சேர்ந்தார் என்பது அவர்மீது நிலைத்த குறை. கால அட்டவணை அவர் கையில் அடங்கவே இல்லை. சொன்ன நாளில் வாராமையும், சூதாட்டமும், கிடைத்த பணத்தை உடனே கரைப்பதும் அவரிடம் உண்டு. அவற்றை மறைப்பதால் அவர் பெருமை வளரப் போவதில்லை. 1951இல் பாரிஸை விட்டு, செய்ன் நதிக்கரையிலுள்ள ஸாம்வா என்ற அமைதியான ஊரில் குடியேறி, மீன் பிடித்தும் ஓவியம் தீட்டியும் வாழ்ந்தார். அங்கே 1953 மே 16ஆம் நாள், மூளையில் இரத்தப் பெருக்கு ஏற்பட்டு, நாற்பத்து மூன்றாம் வயதில் மறைந்தார்.

மறைந்த பின்னும் அவர் கை பலரைக் கைதூக்கிவிட்டது. 1965இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத் தொழிற்சாலையொன்றில் டோனி அயோமி என்ற பதினேழு வயது இளைஞர் இயந்திரத்தில் சிக்கி இரண்டு விரல் நுனிகளை இழந்தார். கிதாரையே விட்டுவிட எண்ணியவருக்கு, அத்தொழிற்சாலையின் மேலாளர் ஜாங்கோவின் இசைத்தட்டு ஒன்றைக் கொடுத்தார். அதைக் கேட்டு மனம் தேறியவர், பின்னாளில் பெரும்புகழ் பெற்ற இசைக்குழு ஒன்றைத் தோற்றுவித்தார். விரல்கள் அனைத்தும் நலமாகவே இருந்த ஜிம்மி ஹென்ட்ரிக்ஸ் போன்றோரும் கட்டை விரலை மேலே கொண்டுவந்து வாசித்து, அது குறையுடையோர்க்கு மட்டும் உரிய உபாயமன்று என்று காட்டினர்.

தீ அவரை மேதையாக்கிற்று என்று சொல்வது பொருந்தாது. தீக்கு முன்பே அவர் மேதை. தீ அவருக்குத் தந்தது வேதனை ஒன்றுதான். அவர் செய்ததெல்லாம், போன விரல்களை எண்ணி அழுதுகொண்டிராமல், இருப்பவற்றுள் எது எந்தச் சுமையைத் தாங்கும் என்று பொறுமையாகத் தேடியதே. ஒரு கையில் பக்கத்து விரல் இயலாதபோது, அதுவரை பின்னால் நின்றது முன்வந்து தந்தியைத் தாங்கிற்று. பிறந்த ஊரை விட்டு வந்து, சித்தப்பாவும் அத்தையும் அருகில் இல்லாத குறையை அடுத்த வீட்டார் தீர்த்துவைக்க வாழ்கின்ற நமக்கு, இந்தக் கட்டை விரலின் கடமையை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. வாய்ப்புள்ள அன்பர்கள் ஒரு மாலையில் குழந்தைகளை அருகே அமர்த்திக்கொண்டு, மேகங்கள் என்னும் அவ்விசையைக் கேட்டுப் பார்க்க வேண்டுகிறோம். எத்தனை விரல்கள் வாசிக்கின்றன என்று குழந்தைகளைக் கேளுங்கள். இரண்டு என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள்.